துண்டுக்குள் ஏறிய ஐம்பது

அருணகிரி என்னை ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு நியாயம் இருந்தது. மாட்டுத் தரகன் எவனும் யோக்கியன் கிடையாது. நானும் மாட்டுத் தரகன்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

என் பேர் மதார் சாகிப். ஊர் கோவளம். ஊரில் பாதிப் பேர் கடலை நம்பிப் பிழைக்கிறார்கள். கடலை நான் நம்பவில்லை. சின்ன வயசிலேயே மாட்டுக்கு வந்துவிட்டேன். சந்தை நாளில் விடிவதற்கு முன்னால் கிளம்பி, கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அருணகிரி திருக்கழுக்குன்றத்துக்காரன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து வருவான்.

சந்தையில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் இல்லை. பேசினால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழும், அடுத்த மாட்டுக்கு அதையே பிடித்துக்கொள்வான். வாங்குகிறவனுக்கு ஒரு தரகன், விற்கிறவனுக்கு ஒரு தரகன். இரண்டு பேரும் சோத்துக்கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்குள்ளே ஒரு விரலைப் பிடித்தால் நூறு. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்நூறு. ஆயிரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மாட்டைப் பார்த்தாலே தெரியும். கட்டைவிரலால் அவன் விரலை ஒருதரம் தேய்த்தால் மேலே ஐம்பது. விலையைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. தளர்த்தி அவன் உள்ளங்கையிலேயே விட்டுவிட வேண்டும். அவன் யோசிப்பான். ஒத்துக்கொண்டால் கையை இறுக்குவான், துண்டை உதறுவான், விலையை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வான். அவ்வளவுதான் வியாபாரம்.

கை சொன்னதை வாய் மறுக்கக் கூடாது. மறுத்தவனுக்கு அப்புறம் எவனும் கை கொடுக்க மாட்டான். கை கொடுக்க ஆள் இல்லாத தரகன் வேலியோரம் நின்று சாணி நாற்றம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருஷம். தையூர் முத்துசாமிக்கு ஒரு ஜோடி எருது வேண்டும் என்று நான் கூட வந்திருந்தேன். விற்கிறவன் பக்கம் அருணகிரி. இருபது வருஷத்துக்கு மேல் எனக்குக் கை கொடுத்துப் பழகியவன். துண்டைப் போட்டோம். ஐந்து விரலையும் பிடித்தேன், அப்புறம் ஒரு விரலைப் பிடித்தேன். ஆயிரத்து அறுநூறு. கையைத் தளர்த்திவிட்டு, எருதின் கொம்பைப் பார்த்தபடி அந்த வருஷத்து மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக் கொடுப்பதும் தொழில்தான். எதிராளிக்கு யோசனை ஓடக் கூடாது.

அருணகிரி கையை இறுக்கித் துண்டை உதறினான்.

"ஆயிரத்தி அறுநூத்தி அம்பது! முடிஞ்சுது!"

"இன்னாடா அம்பது? அறுநூறுன்னுதானே சொன்னேன்?"

"தேச்சியே பாய்."

"எவன் தேச்சான்?"

"நீதான். ஒரு தபா இல்ல, தேச்சிகினே இருந்த. நான் யோக்கியனா இருக்கங்காட்டி ஒரே அம்பதோட நிறுத்திக்கினேன். வேற எவனாச்சும் இருந்தா இந்நேரம் ஜோடி ரெண்டாயிரத்துக்குப் போயிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துசாமி சிரிக்கவில்லை, என்னையே பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். மேலே பேசினால் கை சொன்னதை மறுத்தவன் ஆகிவிடுவேன். அதிகப்படியை என் தரகிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அருணகிரி கையில் அன்றைக்குப் புதுசாக ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ பார்த்தேன். கேட்டதற்கு மச்சான் கொடுத்தான் என்றான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் டிரான்சிஸ்டர் தருகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அப்படி வாங்கியிருந்தால் போகட்டும். இல்லை என்றால் அது என் ஐம்பது, இன்னும் எத்தனை பேருடைய ஐம்பதோ.

அடுத்த சந்தையில் ராஜேந்திரனோடு வியாபாரம். அவன் இளவட்டம், பேண்ட் போட்டுக்கொண்டு மாடு பிடிக்க வருகிறவன். அவனும் துண்டை உதறி ஐம்பது கூட்டிச் சொன்னான். ஒருவன் செய்தால் திருட்டு, இரண்டு பேர் செய்தால் கூட்டு. இவர்கள் கூட்டு சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அதற்கு அடுத்த சந்தையில் எவனோடும் பேச்சுக் கொடுக்காமல், என் கையில் என்ன நடக்கிறது என்பதிலேயே புத்தியை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எந்த வியாபாரத்திலும் ஐம்பது ஏறவில்லை. பயந்துவிட்டான்கள். சந்தேகமே இல்லை என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் அருணகிரி என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பாய், சந்தையில ஒரு மாரி பேசிக்கிறாங்க."

"இன்னா மாரி?"

"உன் கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுதாம். வேணும்னே ஏத்தி உட்டுட்டு, அப்பால இல்லன்னு சாதிக்கிறியாம். ராஜேந்திரன் இனிமே உனுக்குக் கை குடுக்க மாட்டேன்னு எல்லாராண்டயும் சொல்லிகினு கீறான்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? எனுக்கே தெரியல. முன்னல்லாம் கோவம் வந்தா உன் மூக்கு வெடைக்கும், பாத்தாலே தெரியும். இப்போ மூஞ்சிய களிமண்ணாட்டம் வெச்சிகினு கீற. உள்ள இன்னா ஓடுதுன்னே தெரியல."

அவன் வாங்கிக் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை. கொஞ்ச நாளாக எந்த டீயும் எனக்கு மணக்கவில்லை. இவன்தான் எதையாவது கலந்திருப்பானோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. மூஞ்சியைப் பற்றி அவன் சொன்னது மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. தரகன் மூஞ்சி அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் பயம் வந்துவிட்டது. ராஜேந்திரன் ஒருவன் விட்டால் பரவாயில்லை. அவனைப் பார்த்து நாலு பேர் விடுவான்கள். அப்புறம் அருணகிரியும் விடுவான். இந்த வயசில் எனக்கு வேறு எது தெரியும்? என் கையில் குற்றம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, என் மனைவி அமீனா பீவியைக் கூடத்தில் எதிரே உட்காரச் சொன்னேன்.

"கைய நீட்டு. துண்டு போடுறேன். நான் இன்னா வெல சொல்றேன்னு நீ சொல்லு."

"எருமைக்கா, எனக்கா?"

"வெளையாடாத."

அவளுக்கு விரல் கணக்கு தெரியும். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாமலா இருக்கும். கையை நீட்டினாள். நான் மூன்று விரலைப் பிடித்தேன். உடனே சரியாகச் சொன்னாள். நாலு பிடித்தேன், அதுவும் சரி. பார்த்தாயா என்று சொல்லப் போனேன். அவள் விடவில்லை.

"சந்தையில இப்படியா உம்முனு குந்திகினு இருப்பீங்க? பேசிகினே புடிங்க. என் தங்கச்சி ஹபீபா பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனமே, அந்த வூட்டுல அண்ணன் தம்பி எத்தினி பேரு? யாரு யாரு எங்க வேலை பண்றாங்க, சொல்லுங்க பாப்போம்."

இரண்டு விரலைப் பிடித்துவிட்டு, கையைத் தளர்த்தி, அந்த வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்தவன் துறைமுகத்தில், அடுத்தவன் பல்லாவரத்தில் தோல் மண்டியில்...

"எறநூத்தி அம்பது" என்றாள் அமீனா. "முந்நூறு. முந்நூத்தி அம்பது. இன்னும் ஏத்திகினே கீறீங்க."

"அருணகிரி வூட்டுக்கு வந்தானா?"

"இன்னாது?"

"நான் இல்லாதப்ப உன்னியும் வந்து பாத்துட்டுப் போனானான்னு கேக்கறேன்."

அவள் மற்றக் கையால் துண்டை உருவினாள்.

என் கை அவள் உள்ளங்கையில் கிடந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் தேய்த்துத் தேய்த்து உருண்டுகொண்டிருந்தது. தஸ்பீஹ் ஓதும்போது மணியைத் தள்ளுகிற மாதிரி. மணியும் இல்லை, தள்ளவும் நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த வேண்டும் என்று நினைத்ததும் நின்றது. அமீனா "எவ்ளோ நாளா?" என்று கேட்டாள். அவள் பக்கம் திரும்பினேன், மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. கயிற்றைப் பிடித்தால், சோற்றைப் பிசைந்தால், சட்டையைப் பிழிந்தால் ஒன்றும் இல்லை. சும்மா வைத்தால்தான் ஓடியது. சும்மா இருக்கும் கையை எவன் பார்த்துக்கொண்டிருப்பான்?

"இது மட்டும் இல்ல" என்றாள். "ஒரு வருசமா பாக்கறேன். பள்ளிவாசலுக்கு நடந்து போறப்ப இடது கை வீசுது, வலது கை வெலாவோட ஒட்டிகினு வருது. அந்தக் காலு செருப்பும் தேயுது. அன்னிக்குக் கருவாடு கருகி வூடே பொகைஞ்சுது, அடுப்பாண்டயே குந்திகினு இருந்தீங்க, ஒண்ணும் தெரியல உங்களுக்கு. தூக்கத்துல எட்டி ஒதைக்கிறீங்க, மாட்ட வெரட்டறாப்பல கத்துறீங்க. முழிச்சிகினு இருக்கறப்ப கொரலே வெளிய வரல. நான் இன்னான்னு கேட்டா செவிடிங்கிறீங்க."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னா எவன் உனக்குச் சொல்லிக் குடுத்தான்னு கேப்பீங்க."

"எவன் சொல்லிக் குடுத்தான்?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மகாபலிபுரத்தில் ஊசி போடுகிறவன் ஒருவன் இருந்தான். டாக்டருக்குப் படித்தவன் இல்லை, எங்கேயோ மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். அவனிடம் முதலில் போனேன். கையைக்கூடத் தொடாமல் நரம்புத் தளர்ச்சி என்றான், சிவப்பாக ஒரு ஊசி போட்டான். எனக்கு முன்னால் வயிற்று வலி என்று வந்த பொம்பளைக்கும் அதே சிவப்பு ஊசிதான் போட்டான். அப்புறம் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அமீனா. எனக்கு இஷ்டம் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள்ளே போகிற ஆம்பளையைப் பிடித்து ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அருணகிரியின் டிரான்சிஸ்டரும் ஞாபகம் வந்தது.

"இந்த வயசுல உங்கள அறுத்து அவங்களுக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

"கணக்குக் காட்டுவாங்க."

"காட்டட்டும். நான் கூட வரேன், என்னத் தாண்டி வந்து அறுக்கட்டும்."

லுங்கிக்கு மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று உள்ளே போனால் டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். பேர் வத்சலா என்று மேஜை மேல் எழுதி வைத்திருந்தது, அமீனா எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள்.

"என்ன தொந்தரவு பெரியவரே?"

"ஒண்ணும் இல்லம்மா. வூட்டுல சொன்னாங்கன்னு வந்தேன்."

நான் துண்டைச் சுருட்டி வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்தால் ஓடாது என்று எனக்குத்தான் தெரியுமே. மாட்டின் குறையை வாங்குகிறவனிடம் எவன் முதலில் சொல்வான்? நொண்டி மாட்டை மணலில் நிறுத்திக் காட்டுவோம். பார்வை இல்லாத கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டுவோம். அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நின்றேன். அமீனா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், தூக்கத்தில் உதைப்பது வரைக்கும்.

"வாசனை தெரியறது இல்லையா?"

"தெரியும்" என்றேன்.

"தெரியாது" என்றாள் அமீனா.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தாள். "இது என்ன வாசனை?"

"நல்ல வாசனை" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "காப்பித்தூள் பெரியவரே. சரி, அந்தத் துண்டை அம்மாகிட்ட குடுங்க. கையை மடியில வெச்சுக்குங்க. நூறுலேருந்து மூணு மூணா கழிச்சுச் சொல்லிண்டே வாங்க."

கணக்கில் என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். படிக்காதவன்தான், ஆனால் கழித்தல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விறுவிறு என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் கணக்கைக் கேட்கவே இல்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் உருண்டுகொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது. புத்தி வேறு எங்கேயோ போனால் கை தன் வேலையைப் பார்க்கிறது. சந்தையில் நான் மழையைப் பற்றிப் பேசியபோதும் இதுதான் நடந்திருக்கிறது.

என் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்தாள். சைக்கிள் பல்சக்கரத்தில் செயின் நெருடுகிற மாதிரி தட்டித் தட்டி மடங்கியது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள். இடது கை தட்டியது. வலது கை பெரிசாக ஆரம்பித்துப் போகப் போகச் சிறுத்துப் போய்விட்டது. அப்புறம் வராந்தாவில் நடக்கச் சொன்னாள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இவள் என்னை மாடு பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். நடக்கவிட்டால் போதாது, திருப்ப வேண்டும். குறை இருக்கிற கால் திரும்புகிற இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். "திரும்பி வாங்க" என்றாள். நான் திரும்பினேன். ஒரே வீச்சில் திரும்ப வரவில்லை. பொடிப்பொடியாகக் காலை வைத்து, கம்பத்தைச் சுற்றுகிற கிழ எருது மாதிரி திரும்பினேன். அப்படி ஒரு உருப்படியைச் சந்தையில் கண்டால் நான் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

"இதுக்குப் பார்க்கின்சன்னு பேரு" என்றாள். "மூளையில சுரக்கிற ஒரு சத்து குறைஞ்சு போறதால வர்ற வியாதி. இப்போ ஆரம்பத்துலதான் இருக்கு."

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கறது இல்லை. தானா வர்றது."

"டீயில எதனா கலந்தா?"

"வராது."

"செய்வினை வெச்சா?"

"பெரியவரே, உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும்" என்றாள் அமீனா.

"சரியாப்பூடுமா?" என்று கேட்டேன்.

"முழுசா சரியாகாது. மாத்திரை சாப்பிட்டா நடுக்கமும் விறைப்பும் குறையும். வாய் உலர்ந்து போகும், அதையும் முன்னாடியே சொல்லிடறேன். வருஷம் ஆக ஆக இன்னொரு கைக்கும் வரலாம். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

விற்கிறவன் குறையை அவனாகவே முன்னால் சொன்னால் இரண்டில் ஒன்று. ஒன்று அவன் நல்லவன். இல்லை, அதைவிடப் பெரிய குறையை ஒளிக்கிறான். இவள் எந்த ரகம் என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறு டாக்டரைக் கூப்பிடு என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் நடக்கவிட்டார், திருப்பினார், அதே பேரைச் சொன்னார். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர்களையும் பார்த்துவிடுங்கள் என்றார். அங்கேயும் போனேன். செங்கல்பட்டில் காட்டியதையே சொல்லவில்லை. சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள். அமீனாவையும் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவர்களும் மடக்கினார்கள், தட்டச் சொன்னார்கள், திருப்பினார்கள். அதே பேர்.

மாத்திரைக்குத் திரும்பி வந்தபோது வத்சலா டாக்டரிடம் சந்தை விவகாரத்தைச் சொன்னேன். துண்டு, விரல், ஐம்பது, எல்லாம். கவனமாகக் கேட்டாள்.

"இடது கை இப்போ நல்லாத்தானே இருக்கு?"

"இடது கைய எவன்மா புடிப்பான்? மூஞ்சியில துப்பின மாரி ஆயிடும்."

"அப்போ உங்க கூட்டாளிகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

சொல்லிடுங்களாம். அவளுக்கு என்ன? சொன்னால் வியாதிக்காரன் என்று ஒதுக்குவார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். சொல்லாவிட்டால் திருட்டுப் பயல். இரண்டிலும் கை கொடுக்க ஆள் இருக்காது. மாத்திரையை விழுங்கினேன். வாய் உலர்ந்தது. அவள் சொன்னதில் ஒன்று நடந்துவிட்டது. அந்த அளவுக்கு அவளை நம்பினேன். கை முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்றாலும் நிற்கவில்லை.

அடுத்த சந்தையில் ராஜேந்திரனிடம் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். நான் கையை நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, "வேற யாரனா பாரு பாய்" என்றான். பத்துப் பேர் முன்னால். என் கை அப்படியே நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றது. யாரும் பிடிக்கவில்லை.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. அருணகிரியைத் தேடிப் பிடித்துப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"புடி" என்று கையை நீட்டினேன்.

"மாடு எங்க?"

"மாடு இல்ல. புடிடா."

துண்டைப் போட்டேன். கையைத் தளர்த்தினேன். அவன் வீட்டு விஷயம் கேட்டேன், அவன் மச்சானைப் பற்றிக் கேட்டேன்.

"இன்னா பாய் இது, மாடே இல்ல, அம்பது அம்பதா ஏத்திகினே போற?"

துண்டை எடுத்தேன். அவன் பார்த்தான். குனிந்து கிட்டத்தில் பார்த்தான். ஆஸ்பத்திரியில் சொன்னதை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டான்.

"இது புச்சா ஒரு டெக்னிக்கா?"

"அல்லா மேல ஆணை."

"எந்த டாக்டரு?"

சொன்னேன். அவன் சந்தையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேட்டேன். அந்த டாக்டரம்மா உன்னப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. ஒருத்தர் வெவகாரத்த இன்னொருத்தராண்ட சொல்ற பழக்கம் இல்லியாம்."

"அப்ப நம்ப மாட்டே."

"முழுசா கேளு. மறுநாளு திரும்பப் போனேன். வரிசையில நின்னேன். எனுக்கே வந்தாப்பல சொன்னேன். கட்டவெரலு தானா தேய்க்குதும்மா, காலு இழுக்குதும்மான்னு. உன்னாட்டமே கைய வெலாவோட ஒட்டிகினு நடந்து காட்டினேன். வெரலத் தேச்சிக் காட்டினேன்."

"அடப்பாவி. அப்புறம்?"

"மூணு மூணா கழிக்கச் சொன்னாங்க. கழிக்கறதப் பாக்கறதா, வெரலத் தேய்க்கறதப் பாக்கறதா? கணக்குல புத்தி போச்சு, வெரலு நின்னுடுச்சு. அந்தம்மா சிரிக்கிறாங்க. 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நேத்திக்கு வந்தவர்தானே நீங்க, போயிட்டு வாங்க'ன்னு தொரத்திட்டாங்க." எச்சில் துப்பிவிட்டுச் சொன்னான்: "நடிச்சா கண்டுபுடிச்சிடறாங்க பாய். அப்போ உனுக்கு இருக்கறது நெசம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அன்றைக்கு ஆராயி என்று ஒரு பொம்பளை எருமை கொண்டுவந்திருந்தாள். மணமையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவள். அவள் பக்கம் அருணகிரி பேசினான். வாங்க வந்தவர் என் ஆள். அருணகிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பார்த்தால் இடது கை.

"இன்னாடா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். உன் பீச்சாங்கைய நீட்டு."

ஆராயி முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள். "யோவ், பீச்சாங்கையில வெல பேசுறீங்களே, என் எருமை இன்னா செத்துப் பூட்டுதா?"

"வாய மூடு ஆராயி. பாய்க்கு அந்தக் கையில ஒரு வியாதி. தானா தேய்க்குது. உன் எருமை வெல தானா ஏறினா உனுக்கு நல்லா இருக்கும், வாங்கறவனுக்கு நல்லா இருக்குமா? அப்பால எவன் வருவான் உன்னாண்ட?"

ராஜேந்திரன் தூரத்திலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தான். நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். நான் இடது கையை நீட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது. துண்டைப் போட்டான். எல்லாம் தலைகீழாக இருந்தது, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் இருந்தது. தடவித் தடவி விலையைச் சொன்னேன். கையைத் தளர்த்திவிட்டு எருமையின் மடியைப் பார்த்தபடி மழையைப் பற்றிப் பேசினேன். அருணகிரி உடனே இறுக்கவில்லை. வேண்டும் என்றே நேரத்தை ஓட்டினான். என் இடது கை சும்மா கிடந்தது. என் மடியில் வலது கை ஓடிக்கொண்டிருந்தது, அதை எல்லாரும் பார்த்தார்கள். மறைக்காமல் விட்டுவிட்டேன்.

அப்புறம் இறுக்கினான். துண்டை உதறினான். விலையைச் சொன்னான். நான் சொன்ன விலைதான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆராயி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "வெல சரிதான்" என்றாள். "கையப் போயி கழுவுங்க ரெண்டு பேரும்."

இந்த இடது கை எத்தனை வருஷம் நிற்கும் என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை. அதுவும் ஓட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று அருணகிரியிடம் கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். இதில் அவனுக்கு என்ன லாபம் என்று எனக்குப் பிடிபடவில்லை. தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

வெயில் ஏறும் நேரத்துக்கு ராஜேந்திரன் ஒரு ஜோடியை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். என் ஆளுக்கு அந்த ஜோடி மேல் கண். ராஜேந்திரன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் துண்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பாய், பாக்கலாமா?" என்றான்.

நான் கையை நீட்டவில்லை. "உன் கை தானா தேய்க்காதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? மொதல்ல நீயும் போயி அந்த டாக்டரம்மாவ ஒரு தபா பாத்துட்டு வா" என்றேன்.